கால்வாய் நோய்க்கு ஊற்றும் மருந்து வேலை செய்கிறதா? பட்டியடியிலேயே பார்க்கும் வழி

ஒரு மாரிக் காலையில் கிண்ணியாப் பக்கத்து எருமைக்காரர் ஒருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு ஜாம் போத்தல். உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர், அதில் ஊறிய கடதாசி போல வெள்ளையாக ஏதோ மிதந்தது. கிட்டப் பார்த்தேன். கால்வாய் நோய் கண்ட எருமையின் நாக்கிலிருந்து உரிந்த தோல். ஊற்றியிருந்தது வீட்டுத் தரை துடைக்கிற வாசனை மருந்து.

"சேர், ராவு முழுக்க ஊறப் போட்டிருக்கன். செத்துட்டா எண்டு பாத்துச் சொல்லுங்க."

"நானா, இதை வேற எங்கயும் காட்டினீங்களா?"

"வாற வழியில பால் எடுக்கிற இடத்தில காட்டினன். அவங்களுக்குத் தெரியாதாம். அதுதான் உங்களிட்ட வந்தன்."

எனக்குத் தலை சுற்றியது. சுற்றுவட்டாரத்துப் பாற்காரர் எல்லாரும் சைக்கிளோடு வந்து நிற்கிற இடம் அது. அவர் மூடியைத் திறந்து மணந்தும் காட்டியிருக்கிறார்.

ஆனால் அவருடைய கேள்வி சரியான கேள்விதான். நான் கால்நடைப் போதனாசிரியராக இருந்த காலத்தில் மருந்தின் விலை என்ன, எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். மருந்து வேலை செய்ததா என்று கேட்டவர் அவர் ஒருவர். தம்பலகாமத்தில் ஏழு மாட்டை வைத்துக்கொண்டு ஓய்வாக இருக்கும் இந்த நேரத்தில், அவருக்கு அன்று திண்ணையில் இருந்து சொன்னதையும் பிறகு நானே செய்து பார்த்ததையும் எழுதி வைக்கிறேன். இங்கே மருந்து என்று நான் சொல்வது மாட்டுக்குக் கொடுப்பதை அல்ல, வைரஸைக் கொல்லப் பட்டியில் ஊற்றும் கிருமிநாசினியை.

முதலில் பெயர். நாங்கள் கால்வாய் நோய் என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் கோமாரி என்பார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊரில் கால்வாய் என்றால் வேறு பொருளும் உண்டு. வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தர் "கால்வாய் நோய் பற்றிய கூட்டம்" என்ற அறிவித்தலைப் பார்த்துவிட்டு, நீர்ப்பாசனக்காரர் கூட்டம் என்று நினைத்து வராமலே விட்டார். காலிலும் வாயிலும் கொப்புளம் போடுவதால் வந்த பெயர், அவ்வளவுதான்.

இந்த நோய் என்று சந்தேகம் வந்தால் மருந்து கலக்குவதற்கு முன்பு மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பயந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் பட்டியில் வந்தது பக்கத்துப் பட்டிக்குப் போவதை நிறுத்த வேறு வழி இல்லை. தடுப்பூசி போடாமல் வாளி வாளியாக மருந்து ஊற்றுவதும் வீண்.

வைரஸ் செத்ததை எப்படி அறிவது

வைரஸ் செத்ததைக் கண்ணால் காண முடியாது. நிறம், நுரை, மணம் எதுவும் சாட்சி இல்லை. அதற்கு உயிருள்ள கலங்களை (செல்களை) கொடுத்து, அவற்றை அழிக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. கால்வாய் நோய் வைரஸை அப்படி வளர்ப்பதற்குக் காற்றும் கழிவுநீரும் வெளியே போகாத கட்டடம் வேண்டும். அப்படிக் கட்டியும் தவறலாம். 2007இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு வளாகத்தில் கழிவுநீர்க் குழாய்கள் கசிந்து, பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு நோய் வந்தது. மருந்து போட்டுச் சுத்திகரிக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமுன் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஜாம் போத்தல் எந்த மூலைக்கு?

ஆய்வுகூடத்தில் மருந்தைச் சோதிக்கும் முறையை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பட்டியில் எதைக் கவனிப்பது என்பது அதிலிருந்துதான் விளங்கும். ஐரோப்பாவில் கால்நடைத் துறைக் கிருமிநாசினிகளுக்கு ஈ.என். 14675 என்றொரு நியமம் இருக்கிறது. அதன்படி வைரஸ் உள்ள திரவம் ஒரு பங்கு, அழுக்குக்குப் பதிலாகப் புரதக் கரைசல் ஒரு பங்கு, மருந்து எட்டுப் பங்கு கலப்பார்கள். மருந்து பத்துக்கு எட்டாக ஐதாகிவிடும் என்பதால் முதலிலேயே ஒன்றேகால் மடங்கு தடிப்பாகக் கரைத்து வைப்பார்கள். குறித்த நேரம் முடிந்ததும் மருந்தின் வேலையைச் சட்டென்று நிறுத்தி, கலவையைப் பத்துப் பத்து மடங்காக ஐதாக்கிக் கலங்களின் மேல் விடுவார்கள். சில நாள் கழித்து எந்தக் கிண்ணத்தில் கலங்கள் அழிந்தன என்று எண்ணுவார்கள். மருந்து படாத வைரஸோடு ஒப்பிடும்போது பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது.

எனக்குப் பிடித்தது அவர்கள் வைக்கும் எதிர்ச்சோதனைகள். மருந்து தானே கலங்களைக் கொன்றுவிட்டால்? அதைப் பார்க்க வைரஸ் இல்லாமல் மருந்து மட்டும் ஒரு கிண்ணத்தில். மருந்தின் வேலையை நிறுத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? அதற்கு இன்னொரு கிண்ணம். தன் கண்ணையே நம்பாமல் செய்கிற வேலை.

அந்த நியமத்தில் சோதனைக்கு எடுப்பது கால்வாய் நோய் வைரஸ் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆபத்துக் குறைந்த மாட்டுக் குடல் வைரஸ் ஒன்று. உறவுக்காரன்தான், ஆனால் குணம் வேறு. குடல் வைரஸ் புளிப்பைத் தாங்கும். கால்வாய் நோய் வைரஸுக்குப் புளிப்பே எமன், பி.எச். என்ற புளிப்பு-கார அளவு 6க்குக் கீழே போனால் அது சிதறிவிடும். 9க்கு மேலே காரத்திலும் நிற்காது. அதனால் சிட்ரிக் அமிலம் போன்ற மலிவான பொருள் அந்தச் சோதனையில் தோற்றாலும் நம் நோய்க்கு உதவும். போத்தல் லேபிளில் வைரஸைக் கொல்லும் என்று பொதுவாகப் போட்டிருந்தால் போதாது. கால்வாய் நோயின் பெயர் இருக்கிறதா, எத்தனை மடங்கு தண்ணீரில், எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 99.9 சதவீதக் கிருமிகள் என்ற கணக்கு பெரும்பாலும் பக்டீரியாவுக்கு உரியது. நானா ஊற்றிய வாசனைத் தரை மருந்து வகையில் இருக்கும் அமோனியச் சேர்மங்களை இந்த வைரஸ் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. அதற்குக் கொழுப்பு உறை இல்லை, உரித்தெடுக்க ஒன்றும் கிடையாது.

ஆய்வுகூடம் இன்ன தடிப்பில், இவ்வளவு அழுக்கில், இத்தனை நிமிடத்தில் கொல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தத் தடிப்பும் நிமிடமும் உங்கள் பட்டியில் உண்மையில் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வைரஸைத் தொடாமலே அதைப் பார்க்கலாம்.

பையில் இருப்பது என்ன சோடா?

நான் சிபாரிசு செய்வது சலவைச் சோடா. காஸ்டிக் சோடா 2 சதவீதக் கரைசல் நன்றாகக் கொல்லும், ஆனால் தோலையும் கண்ணையும் சேர்த்து எரிக்கும். பிள்ளைகள் ஓடித் திரியும் வளவில் அதை வைத்திருக்க எனக்கு மனமில்லை. சலவைச் சோடா 4 சதவீதக் கரைசல் 10 நிமிடம் நனைந்திருந்தால் போதும். நீர் இல்லாத தூள் என்றால் 10 லீற்றருக்கு 400 கிராம். கண்ணாடிக் கல் போன்ற பளிங்குச் சோடா என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, ஏனென்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்.

இங்கேதான் நான் ஒருமுறை சறுக்கினேன். கடையில் சோடா என்று கேட்டேன், லேபிள் இல்லாத வெள்ளைத் தூளை நிறுத்துத் தந்தார்கள். மூன்று கிழமை அதைக் கரைத்துப் பட்டி வாசலில் கால் நனைக்கிற தொட்டியில் ஊற்றினேன். சாதாரண தரத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பள்ளிக்கூடப் பி.எச். தாளைக் கொண்டுவந்து விளையாட்டாகத் தொட்டியில் தோய்த்தாள். 8. "அப்பா, இது அப்பச்சோடா. அம்மா தேடினது இதைத்தானாக்கும்."

அன்றிலிருந்து எந்த வெள்ளைத் தூளையும் அடுப்பில் வைத்துப் பார்க்காமல் நம்புவதில்லை. 100 கிராம் நிறுத்து, பழைய இரும்புத் தாச்சியில் போட்டு, நல்ல நெருப்பில் அரை மணி நேரம் கிளறி, ஆறவிட்டு மறுபடி நிறுங்கள். எடை அப்படியே நின்றால் நீர் இல்லாத சலவைச் சோடா. தன் தண்ணீரிலேயே கரைந்து குழம்பாகி, பிறகு காய்ந்து 37 கிராமுக்கு வந்தால் பளிங்குச் சோடா. குழம்பாகாமல், தூள் தூளாகவே புகைந்து 63 கிராமுக்கு இறங்கினால் அப்பச்சோடா. நம் கடலோரக் காற்றில் திறந்து கிடந்த நல்ல சோடாவும் ஈரம் குடித்து 85க்குக் கிட்ட நிற்கலாம். அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பச்சோடாவை வறுத்து முடித்ததும் தாச்சியில் மிஞ்சுவது சலவைச் சோடாவேதான். விறகுச் செலவைப் பார்த்தால் கட்டாது. அலுமினியத் தாச்சியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அரித்துவிடும். பால் கேன் பற்றியும் அதே எச்சரிக்கை.

பால்மானியும் பி.எச். தாளும்

பி.எச். தாள் உங்களுக்குக் காரமா புளிப்பா, எவ்வளவு என்று சொல்லும். சலவைச் சோடாவில் 11 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். தாள் கிடைக்காத நாளில் செவ்வரத்தம் பூவைக் கசக்கிய சாறு உதவும்: புளிப்பில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மஞ்சள் தூளும் காரத்தில் சிவக்கும். ஆனால் இவை அப்பச்சோடாவையும் சலவைச் சோடாவையும் பிரித்துக் காட்டும் அளவுக்குக் கூர்மை இல்லை. தாளை வாங்குங்கள்.

தாளுக்கும் ஒரு குறை உண்டு. 4 சதவீதக் கரைசலையும் 2 சதவீதக் கரைசலையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது, இரண்டுக்கும் ஒரே நிறம்தான். வேலைக்காரப் பையன் பாதி சோடாவைப் போட்டுவிட்டு முழுசும் போட்டேன் என்று சொன்னால் தாள் அவன் பக்கம்தான் நிற்கும்.

இதற்கு வழி பாற்காரர் எல்லாரும் அறிந்த பால்மானி. தண்ணீர் கலந்த பாலைப் பிடிக்கிற அதே கண்ணாடிக் குழாய் தண்ணீர் கூடின மருந்தையும் பிடிக்கும். 20 பாகை செல்சியஸில் சலவைச் சோடா 2 சதவீதம் கரைந்திருந்தால் பால்மானி 19 அளவில் நிற்கும், 4 சதவீதம் என்றால் 40க்குக் கிட்ட. நம் வெயிலில் திரவம் விரிவதால் சில புள்ளி குறையும். அதனால் ஒருமுறை நீங்களே தராசில் சரியாக நிறுத்து ஒரு லீற்றர் கலக்கி, உங்கள் வீட்டுச் சூட்டில் பால்மானி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சுவரில் எழுதிவிடுங்கள். நல்ல பால் முப்பதுக்குக் கிட்ட நிற்கும் என்பது உங்கள் கைக்குப் பழக்கம். பால்மானி பாலில் நிற்பதை விட மருந்தில் மேலே மிதக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் கணக்கே தேவையில்லை.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து உப்புக் கிணறு என்றால் வெறும் தண்ணீரிலும் பால்மானி கொஞ்சம் உயரும். முதலில் அதைப் பார்த்துக் கழியுங்கள். உப்புக் கரைசலிலும் சீனிக் கரைசலிலும் பால்மானி உயர்ந்து நிற்கும், அது என்ன கரைந்தது என்று கேட்பதில்லை. எவ்வளவு என்பதற்குப் பால்மானி, எது என்பதற்குப் பி.எச். தாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தொட்டியில் ஊற்றலாம். மருந்துக்கு வைத்த பால்மானியைத் திரும்பப் பாலில் விட வேண்டாம்; கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள்.

சாணம் என்ற எதிரி

ஆய்வுகூடத்தில் கடும் அழுக்கு என்று அவர்கள் போடுவது லீற்றருக்கு 10 கிராம் அல்புமினும் 10 கிராம் ஈஸ்ட் சாரமும். ஓர் எருமை ஒரு தடவை போடுவதைப் பார்த்த எவரும் இதற்குச் சிரிப்பார்கள்.

இரண்டு பெரிய போத்தலில் ஒவ்வொரு லீற்றர் எடுங்கள். ஒன்றில் சிட்ரிக் அமிலம் 0.2 சதவீதம், அதாவது 2 கிராம். மற்றதில் சலவைச் சோடா 4 சதவீதம். இரண்டிலும் ஒரு கைப்பிடி புதுச் சாணத்தைக் கரையுங்கள். பழைய வேட்டித் துணியில் வடித்து, தெளிந்த நீரில் தாளைத் தோயுங்கள், இல்லாவிட்டால் சாணத்தின் பச்சை நிறம் ஏமாற்றும். என் கிணற்றுத் தண்ணீரில் கலந்த சிட்ரிக் அமிலம் 3இல் தொடங்கியது. முதல் கைப்பிடியில் 5க்கு வந்தது, இரண்டாவதில் 6ஐத் தொட்டது. அதற்கு மேல் அது மருந்து இல்லை, சாணத் தண்ணீர். சோடாப் போத்தல் அசையவில்லை. வாளியைக் கழுவ, கம்பூட்ஸைக் கழுவ, மோட்டார்சைக்கிள் ரயரைக் கழுவச் சிட்ரிக் அமிலம் அருமையானது. உலோகத்தையும் கையையும் அதிகம் கெடுக்காது, 30 நிமிடம் நனைந்திருக்க வேண்டும். பட்டித் தரைக்கும் கால் தொட்டிக்கும் சோடா.

அதற்காகச் சோடாவைச் சாணத்தின் மேலேயே ஊற்றலாமா? எனக்கும் அந்த ஆசை இருந்தது. மஞ்சள் தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து வெள்ளைக் கடதாசியில் பூசிக் காயவைத்தேன். எலுமிச்சங்காய் அளவு சாண உருண்டை ஒன்றைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் போட்டு எடுத்து, கத்தியால் இரண்டாக வெட்டி, வெட்டுமுகத்தை மஞ்சள் தாளில் அழுத்தினேன். ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு வளையம். நடுவெல்லாம் மஞ்சளாகவே இருந்தது. மருந்து தோலைத்தான் தொட்டது, உள்ளே போகவே இல்லை. உள்ளே வைரஸ் இருந்திருந்தால் அது சுகமாகப் படுத்திருக்கும்.

அந்தத் தாளைக் காயவைத்துச் சாணம் அள்ளும் பையன்களுக்குக் காட்டினேன். முதலில் வழித்து அள்ளு, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் உரசிக் கழுவு, அதற்குப் பிறகு மருந்து என்று வருடக்கணக்காக நான் போட்ட சத்தத்தை விட அந்த வளையம் நன்றாக வேலை செய்தது. பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கோடி வைரஸ் இருந்த இடத்தில் மருந்துக்குப் பிறகும் ஆயிரம் மிஞ்சும். மண்வெட்டியால் முதலிலேயே அள்ளிப் போட்டால் மருந்துக்கு வேலை குறைவு. அள்ளிய சாணத்தைப் பட்டிக்கு வெளியே விற்காமல், அங்கேயே குவித்து மூடி வையுங்கள்.

கழுவிய பிறகு தரையில் தண்ணீர் தேங்கி நிற்க மருந்தைத் தெளிப்பதும் பழைய பிழை. ஆய்வுகூடக்காரர் ஒன்றேகால் மடங்கு தடிப்பாகக் கரைத்தது இதற்காகத்தான். தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிவிட்டுத் தெளியுங்கள். தெளித்த பிறகு குழியில் தேங்கியதைச் சிறு குவளையால் அள்ளிப் பால்மானியில் பாருங்கள். என் பட்டியின் தென்கிழக்கு மூலையில் எப்போதும் பாதிதான் காட்டும், அந்த மூலை பள்ளம். சீமெந்து போட்டு மேடாக்கும் வரை அங்கே இரண்டாம் தடவை ஊற்றினேன்.

கச்சானும் கைக்கடிகாரமும்

ஐரோப்பியச் சோதனை 10 பாகை செல்சியஸில், 30 நிமிடம். இங்கே அந்தக் குளிர் வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். சூட்டில் மருந்து வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் சூட்டில் தரையும் வேகமாகக் காயும். காய்ந்த மருந்து வேலையை நிறுத்திவிடும்.

ஜூலையில் கச்சான் காற்று அடித்த ஒரு மதியம். மருந்தடிக்கிற டாங்கியால் சீமெந்துத் தரையில் தெளித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழாவது நிமிடத்தில் தரை வெள்ளையாகப் பூத்துவிட்டது. சோடாவுக்கு வேண்டியது 10 நிமிடம், சிட்ரிக் அமிலத்துக்கு 30. இரண்டும் நடக்கவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனாலும் ஒருவரும் செய்வதில்லை. உங்கள் தரையில், உங்கள் காற்றில் எத்தனை நிமிடம் ஈரம் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். போதாது என்றால் பொழுதுபட்ட பிறகு தெளியுங்கள், அல்லது ஐந்தாம் நிமிடத்தில் மறுபடி நனையுங்கள். படலையடியில் கரைசலில் ஊறிய சாக்கை விரித்துவைத்தால் நீண்ட நேரம் ஈரம் நிற்கும்.

கால் தொட்டிக்கு வேறு கதை. காலையில் ஊற்றியதும் ஒரு தாள், மத்தியானம் ஒன்று, மாடு திரும்பும் நேரம் ஒன்று என்று மூன்று நாள் பாருங்கள். எந்த நேரத்தில் தாள் 10க்குக் கீழே இறங்குகிறது, அல்லது தொட்டியின் அடி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று குறியுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாற்ற வேண்டும். மாரி காலத்தில் தொட்டிக்கு மேலே ஒரு தகரம் கட்டாவிட்டால் ஓர் இரவு மழையில் எல்லாம் கடலுக்குத்தான்.

குளோரின் வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கு

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்ட காலத்திலிருந்து நம் ஆட்களுக்கு அந்தத் தூளில் ஒரு பெரிய நம்பிக்கை. கிணற்றுக்கு நல்லது. பட்டிக்கு அவ்வளவு நல்லதில்லை. சாணத்தைக் கண்டால் குளோரின் தன் பலத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் வாளிக்கும் ஓடு பதித்த தரைக்கும் வேண்டுமானால் பாவியுங்கள், 2 முதல் 3 சதவீதம் குளோரின் இருக்கும்படி, 10 முதல் 30 நிமிடம்.

புதுத் தூளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். வாய் திறந்த பையில், கூரைத் தகரத்தின் கீழ் ஆறு மாதம் கிடந்ததில் எவ்வளவு இருக்கும் என்று மணந்து சொல்ல முடியாது. என் மருமகன் நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை. நீச்சல் குளத்துத் தண்ணீர் பார்க்கிற சிறு பெட்டி ஒன்று அங்கே இருக்கும்: மாத்திரையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். மருந்தில் நேரே மாத்திரையைப் போட்டால் நிறமே வராது. குளோரின் கூடிப்போய் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். 10 லீற்றர் சுத்தத் தண்ணீரில் 1 மில்லிலீற்றர் மருந்தைச் சிரிஞ்சியால் விட்டுக் கலக்குங்கள். 3 சதவீத மருந்து என்றால் அட்டையில் 3 காட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் தானே கொஞ்சம் குளோரினைத் தின்னும் என்பதால் இதற்குப் போத்தல் தண்ணீர் நல்லது. என்னுடைய பழைய பையிலிருந்து கலக்கியது ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு நாளும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

குளோரினையும் புளிப்பையும் ஒரு வாளியில் சேர்க்காதீர்கள். வரும் புகை நெஞ்சை அடைக்கும். காஸ்டிக் சோடா பாவிக்கத்தான் வேண்டுமென்றால் தண்ணீரை முதலில் எடுத்து அதில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி, கையுறை, கம்பூட்ஸ். இதில் விவாதம் இல்லை.

2020இல் நம் நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோய்க்கும் இதே சோதனைகள் பொருந்துமா என்று கேட்பார்கள். அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. கால்வாய் நோய் சட்டை செய்யாத பல மருந்துகளுக்கு அது மடங்கும். ஆனால் அதைக் கொண்டு திரிவது ஈயும் நுளம்பும். காய்ந்து விழுந்த பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பொருக்கைக் கூட்டி அள்ளி எரித்துவிட்டு, சாணக் குழியையும் ஈயையும் பாருங்கள். அங்கே மருந்து இரண்டாம் ஆள்தான்.

பழைய கரைசலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். வயலுக்கும் போகும், தம்பலகாமக் குடாவுக்கும் போகும். நான் வளவின் மேட்டுப் பக்கத்தில், கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறேன்.

அந்த ஜாம் போத்தலும் அந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. மூடியைத் திறக்காமல் போத்தலோடு சலவைச் சோடா வாளிக்குள் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே மூடியைக் கழற்றி, மறுநாள் வரை விட்டுப் புதைத்தேன். நானாவை அனுப்பும் முன் கை, செருப்பு, சைக்கிள் ரயர் மூன்றையும் சிட்ரிக் அமிலத்தால் கழுவி, அரை மணி நேரம் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு பால் எடுக்கிற இடத்துக்கும் மிருக வைத்தியருக்கும் தொலைபேசி எடுத்தேன். போகும்போது அவர் கேட்டார்: "அப்ப சேர், அந்த மருந்து மிச்சம் ரெண்டு போத்தல் கிடக்கு. அதை என்ன செய்ய?"

"வீட்டுத் தரையைத் துடையுங்க நானா. அதுக்குத்தானே வாங்கினது."